புகாரா பழைய நகரைச் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமர்கந்தின் நீல ஓடுகளை எதிர்பார்த்து வருகிறவர்களைப் புகாரா முதல் மணி நேரத்தில் ஏமாற்றிவிடும். உஸ்பெகிஸ்தானின் இந்தப் பழைய ஊரில் கண்ணில் படுவது பெரும்பாலும் மண் நிறம்தான். சுட்ட செங்கல்லையும் தண்ணீர் போன வழியையும் பார்க்கத் தொடங்கினால் ஊர் பிடிபடும். கீழே உள்ள பதில்கள் அந்த நோக்கில் எழுதப்பட்டவை. கட்டணங்களும் விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. புறப்படும் முன் அவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு இரவு, இரண்டு முழு நாள். பழைய நகரம் குறுக்காக நடந்தால் சுமார் 2 கி.மீ.தான். லியாபி ஹவுஸ் குளத்திலிருந்து சாமானி கல்லறை மண்டபம் வரை நிற்காமல் நடந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் பலர் சமர்கந்திலிருந்து காலையில் ரயிலேறி வந்து மாலையில் திரும்புகிறார்கள். முடியாத காரியமில்லை. ஆனால் அப்படி வந்தால் உச்சி வெயில் நேரம் மட்டுமே கையில் மிஞ்சும். செங்கல் வேலைப்பாடு நிழலில்தான் உருவம் பெறும். தலைக்கு மேல் சூரியன் நிற்கும்போது எல்லாச் சுவரும் தட்டையாகத் தெரியும். ஊருக்கு வெளியே உள்ள அரண்மனை, தர்கா இரண்டையும் பார்க்க நினைத்தால் இன்னும் அரை நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. நமக்குக் கத்திரி வெயில் போல அவர்களுக்கு 'சில்லா' என்று ஒன்று உண்டு. ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரை சுமார் 40 நாள்; வெப்பம் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும். சென்னை வெயில் பழகியவர்தானே என்று துணிந்து வருகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடும். வியர்ப்பதே தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும், அதற்குள் தலை சுற்றும். கோடையில்தான் வர முடியும் என்றால் காலை 6 முதல் 10 வரை, மாலை 6க்குப் பிறகு என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் அறையில் படுத்துவிடுங்கள். ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே போகும். கூட்டமே இருக்காது, அறை வாடகையும் குறையும். மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும் என்பதுதான் குறை.

விசா எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா உண்டு. ஒற்றை நுழைவு, 30 நாள் வரை. அரசுக் கட்டணம் 20 அமெரிக்க டாலர். சில வேலை நாட்களில் வந்துவிடும் என்றாலும் இரண்டு வாரம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் வாங்கும், முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று: குடும்பப் பெயர். பலருடைய கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை எங்கே போடுவது என்று குழம்ப வேண்டாம். கடவுச்சீட்டுப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் விமானச் சீட்டிலும் ரயில் சீட்டிலும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் வாசலில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

எப்படிப் போய்ச் சேருவது?

தில்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேரடி விமானம் உண்டு. மூன்று மணி நேரம் அளவில் ஆகும். (லால் பகதூர் சாஸ்திரி 1966இல் காலமான அதே தாஷ்கண்ட்தான்.) இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து புகாராவுக்கு 'அஃப்ரோசியாப்' அதிவேக ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். நடுவில் சமர்கந்த் வரும். இடங்கள் குறைவு. விற்பனை ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே திறக்கும், வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வேகமாகத் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மெதுவான 'ஷர்க்' ரயிலைப் பாருங்கள். சமர்கந்திலிருந்து வருகிறவர்களுக்கு அதில் ஒரு மணி நேரம்தான் கூடும்.

தாஷ்கண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பெரிய நிலையங்கள். சீட்டில் எது என்று பார்க்காமல் டாக்சி ஏறி ரயிலை விட்டவர்கள் ஏராளம். நிலையத்துக்குள் நுழையும்போதே கடவுச்சீட்டும் பெட்டிகளும் சோதிக்கப்படும். 40 நிமிடம் முன்பே போங்கள்.

புகாரா நிலையத்தில் இறங்கினால் ஊரையே காணோமே?

இறங்கும் இடம் ககான் என்ற பக்கத்து ஊர். பழைய நகரத்துக்கு இன்னும் 12 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். 1888இல் ரஷ்யர்கள் இருப்புப் பாதை போட்டபோது, அந்தப் புகை வண்டி தன் தலைநகருக்குள் வரக் கூடாது என்று புகாராவை ஆண்ட அமீர் பிடிவாதம் பிடித்தார். பாதை விலகிப் போனது. பின்னாளில் அமீருக்கே ரயில் பிடித்துப்போய் ஒரு கிளைப் பாதை போட்டுக்கொண்டது வேறு கதை.

வாசலில் சூழ்ந்துகொள்ளும் ஓட்டுநர்கள் சொல்லும் தொகை, 'யாண்டெக்ஸ்' டாக்சிச் செயலி காட்டும் தொகையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கே தங்குவது?

லியாபி ஹவுஸ் குளத்தைச் சுற்றி அரை கி.மீ.க்குள். பழைய வணிகர் வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள்: தெருப் பக்கம் ஜன்னலே இல்லாத மண் சுவர், உள்ளே முற்றம், சுற்றிலும் அறைகள். நம் முற்றம் வைத்த வீட்டில் இருந்தவர்களுக்கு உடனே பிடிக்கும். சந்துகள் குறுகல், கார் உள்ளே வராது. கடைசி நூறு, இருநூறு மீட்டர் பெட்டியைக் கையால் இழுக்க வேண்டும். பல விடுதிகளில் மின்தூக்கி கிடையாது, படிகள் செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் தரைத்தள அறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விடுதி உங்கள் தங்கலை அரசிடம் பதிவு செய்யும். ஒரே ஊரில் மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்குப் பதிவு கட்டாயம். சீட்டு கொடுத்தால் நாட்டைவிட்டு வெளியேறும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

மின் துளைகள் உருண்டையான இரண்டு கம்பிக்கானவை. நம் மூன்று முனைச் செருகி நுழையாது.

பணம்?

நாணயம் 'சோம்'. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 12,000 சோம் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும். ரூபாயை மாற்ற முடியாது, ரூபே அட்டையை நம்ப வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு அட்டைக்குத் தானியங்கி இயந்திரங்கள் பணம் தரும். கையில் கொண்டுபோகும் டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும். மடிப்பில் கிழிசல், பேனாக் கோடு, முத்திரை இருந்தால் வங்கியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கழிப்பறைக்கும் தேநீருக்கும் சில்லறை வேண்டும். முதல் நாளே ஒரு பெரிய நோட்டை உடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் முழுவதற்கும் ஒரே நுழைவுச் சீட்டு என்று ஒன்றில்லை, ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். சிறியவற்றுக்கு ஒன்றிரண்டு டாலர், ஆர்க் கோட்டை போன்றவற்றுக்கு நாலைந்து டாலர் அளவில் வரும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

தூரத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பின்பற்றுங்கள். எந்தக் கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது என்று தெரிந்தால் போதும்.

கிழக்கு பார்த்தவை காலைக்கு: போலோ ஹவுஸ் பள்ளிவாசலின் மரத்தூண் முகப்பு, கலான் பள்ளிவாசலின் நுழைவாயில். மேற்கு பார்த்தவை மாலைக்கு: ஆர்க் கோட்டையின் வாயில், மிர்-இ-அராப் மதரஸா, லியாபி ஹவுஸ் குளக்கரையில் பறவைகள் பொறித்த நாதிர் திவான்பேகி மதரஸா.

ஆகவே முதல் நாள் காலையில் மேற்குக் கோடியில் தொடங்குங்கள்: சாமானி மண்டபம், பக்கத்தில் சஷ்மா அயூப் ஊற்று, பிறகு போலோ ஹவுஸ். வெயில் ஏறியதும் ஆர்க்குக்குள் போய்விடலாம், அங்கே அருங்காட்சியக அறைகளில் நிழல் உண்டு. நடுப்பகலுக்குக் கூரை போட்ட கடைத்தெருக்கள். சூரியன் சாயும் நேரத்தில் கலான் சதுக்கத்தில் மிர்-இ-அராபைப் பார்த்தபடி உட்கார்ந்தால் அந்த மதரஸாவின் முகப்பு பொன்னாகிவிடும். கலான் பள்ளிவாசலின் வாயிலுக்கு மறுநாள் விடியலில் திரும்பி வாருங்கள். அந்நேரம் சதுக்கத்தில் பெருக்குகிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

கலான் மினாராவில் ஏற முடியுமா?

பொதுவாகப் பயணிகளை ஏற்றுவதில்லை. உள்ளே 105 படிகள் சுழன்று போகின்றன. கீழிருந்தே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

1127இல் கராகானித் மன்னர் அர்ஸ்லான் கான் கட்டியது. உயரம் சுமார் 46 மீட்டர். அடியில் 9 மீட்டர் குறுக்களவு, மேலே போகப் போக ஒடுங்கும். ஒட்டகக் கூட்டங்களுக்குத் தொலைவிலிருந்தே வழி காட்டியது. உடம்பைச் சுற்றி ஓடும் செங்கல் பட்டைகளை நிதானமாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே அளவுச் செங்கல்தான். நிறுத்தியும் படுக்கவைத்தும் சாய்த்தும் இடைவெளி விட்டும் ஒவ்வொரு பட்டைக்கும் வேறு கோலம் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் புள்ளிகளை வைத்துக்கொண்டு நாளுக்கொரு கோலம் பிறப்பது போலத்தான். உச்சிக்குக் கீழே மெல்லிய நீலப் பட்டை ஒன்று தெரியும். மத்திய ஆசியாவில் பளபளப்பு ஓடு கட்டடத்தில் ஏறிய மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. பின்னாளில் சமர்கந்தை மூடிய நீலம் அங்கே ஒரு கோடாகத் தொடங்குகிறது.

1220இல் செங்கிஸ் கான் ஊரை எரித்தபோது இதை விட்டுவைத்தார். அண்ணாந்து பார்த்தபோது அவர் தொப்பி கீழே விழுந்ததாகவும் குனிந்து எடுத்தவர் 'என்னையே தலைவணங்க வைத்த கோபுரம்' என்று சொன்னதாகவும் வழிகாட்டிகள் சொல்வார்கள். கதை என்ற அளவில் கேட்டுக்கொள்ளலாம். உண்மையில் அடிபட்டது 1920இல், செஞ்சேனை ஊரைக் குண்டு வீசிப் பிடித்தபோது. இன்று தெரிவதில் செப்பனிட்ட பகுதியும் உண்டு.

எதிரே உள்ள மிர்-இ-அராப் மதரஸா 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது, இன்றும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம். சோவியத் காலத்தில் இடையில் மூடப்பட்டாலும் மீண்டும் திறந்து இயங்கிய மிகச் சில மதரஸாக்களில் ஒன்று. வாயில் மண்டபம் வரைதான் விடுவார்கள். மரக் கிராதி வழியே முற்றம் தெரியும். மாணவர்களை அனுமதி கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

சாமானி மண்டபம் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, ஏன் இத்தனை புகழ்?

ஒரு பக்கம் 11 மீட்டர்கூட வராத கனசதுரம், மேலே ஒரு குவிமாடம். ஒரு துண்டு வண்ண ஓடு கிடையாது. ஆனால் புகாராவில் ஒரே ஒரு கட்டடத்தைப் பார்க்க நேரமிருந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு.

சாமானி அரச குடும்பத்துக்காக ஏறத்தாழ 900ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூறு ஆண்டு மூத்தது. சதுரமான சுவரின் மேல் வட்டமான மாடத்தை எப்படி உட்கார வைப்பது என்ற சிக்கலுக்கு இங்கே தெளிவான விடை இருக்கிறது. உள்ளே நின்று மூலையைப் பாருங்கள். நான்கு மூலையிலும் குறுக்காக ஒரு வளைவு போட்டுச் சதுரத்தை எண்கோணமாக்கி, அதைப் பதினாறு பக்கமாக்கி, அதன்மேல் மாடத்தை வைத்திருக்கிறார்கள். சுவரின் கனம் ஏறக்குறைய 2 மீட்டர். வெளிச்சுவரில் செங்கல்லைக் கூடை முடைவது போல அடுக்கியிருப்பதால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிழல் இடம் மாறும். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் இரண்டு கட்டடம் போல இருக்கும்.

மணலும் கல்லறைகளும் சூழப் பாதி புதைந்து கிடந்ததால் படையெடுத்தவர்கள் கண்ணில் படாமல் தப்பியது என்பார்கள். 1920களில்தான் தோண்டிச் செப்பனிட்டார்கள்.

மகோகி அத்தோரி பள்ளிவாசல் ஏன் பள்ளத்துக்குள் இருக்கிறது?

பள்ளிவாசல் இறங்கவில்லை, ஊர்தான் ஏறிவிட்டது. இங்கே வீடுகள் மண்ணால் ஆனவை. இடிந்தால் அள்ளிக் கொட்டாமல் அதன்மேலேயே மட்டம் செய்து அடுத்த வீட்டைக் கட்டினார்கள். ஆயிரம் ஆண்டில் தெரு சுமார் நாலரை மீட்டர் உயர்ந்துவிட்டது. அதனால் புகாராவில் பழமையைக் கணிக்க எளிய வழி, எத்தனை படி இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவது. மகோகி அத்தோரியின் தெற்கு வாயில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸ்லாத்துக்கு முன்பு அதே இடத்தில் வேறு வழிபாட்டிடம் இருந்தது. புகாரா என்ற பெயரே 'விகாரை' என்ற சொல்லிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு, எல்லோரும் ஏற்பதில்லை.

லியாபி ஹவுஸ் குளத்தைத் தவிர வேறு குளங்களைக் காணோமே?

ஹவுஸ் என்றால் குளம். நம் பள்ளிவாசல்களில் ஒளு செய்யும் தொட்டியை 'ஹவுள்' என்கிறோமே, அதே அரபுச் சொல். லியாபி ஹவுஸ் 1620ஐயொட்டி வெட்டப்பட்டது. நான்கு பக்கமும் படிகள் இறங்கும், பார்த்தவுடன் தெப்பக்குளம் நினைவுக்கு வரும். நாதிர் திவான்பேகி என்ற மந்திரி இந்த நிலத்தைக் கேட்டபோது அதன் சொந்தக்காரியான யூத விதவை விற்க மறுத்தாராம். வாய்க்காலை அவர் வீட்டோரம் திருப்பிவிட்டுச் சுவரை ஊறவைத்து இடத்தைப் பெற்றார் என்பது ஊர்க்கதை. கரையில் நிற்கும் முசுக்கொட்டை மரங்களில் சில குளத்தைவிட மூத்தவை.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட குளங்கள் இந்த ஊரில் நூற்றுக்கு நெருங்கி இருந்தன. வாய்க்கால் தண்ணீர் அவற்றை நிரப்பும். தோல் பைகளில் மொண்டு வீடு வீடாக ஊற்றுவதற்குத் தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதே தண்ணீரில். விளைவு, நரம்புச் சிலந்தி. தமிழ்நாட்டிலும் படிக்கிணறுகள் வழியே பரவி வந்த அதே நோய்தான். தண்ணீரில் உள்ள நுண்ணிய பூச்சிக்குள் புழுவின் குஞ்சு இருக்கும். குடித்தவர் உடம்பில் அது ஓர் ஆண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்கூட ஆகி, காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அவர் படியிறங்கிக் காலைத் தண்ணீரில் வைப்பார். புழு அந்த நொடியில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் குளத்தில் விடும். குளத்தின் படிகளே நோயின் வழியாக இருந்தன.

1923 தொடங்கி லியோனித் இசாயெவ் என்ற மருத்துவரின் தலைமையில் நோயாளிகளைத் தேடிப்பிடித்து மருத்துவம் பார்த்து, குளங்களை வற்றவைத்துத் தூர்த்து, குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1931க்குள் நோய் ஒழிந்தது. ஆர்க் எதிரே நிற்கும் இரும்புக் கம்பிக் கோபுரம் அந்தக் காலத்துத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். ரஷ்யப் பொறியாளர் சூகோவ் வடிவமைத்தது. இப்போது மின்தூக்கியில் மேலே போய்க் கோட்டையைப் பார்க்கலாம். குளங்களோடு தவளைகள் போயின, தவளைகளோடு நாரைகளும் போயின. இன்று மாடங்களின் மேல் தெரியும் கூடுகள் வெறுமையானவை. கடைகளில் நாரை அலகு வடிவில் கத்தரிக்கோல் விற்பதற்கான காரணம் அந்தப் பறவைதான்.

சுவர்களின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பது என்ன?

உப்பு. நம் கொத்தனார்கள் 'உப்பு பூத்திருக்கு' என்று சொல்லும் அதே கோளாறு. சுற்றுவட்டாரப் பருத்தி வயல்களுக்குப் பாய்ச்சும் நீரும் கசியும் குழாய்களும் நிலத்தடி நீரை மேலே தள்ளுகின்றன. செங்கல் அதை உறிஞ்சும், வெயிலில் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்து பொரித்துவிடும். தொட்டுப் பார்க்காதீர்கள், மாவாக உதிரும்.

சோர் மினோர் என்ற சின்ன நாலு கோபுரக் கட்டடத்துக்கும் தண்ணீரால்தான் கேடு வந்தது. 1807ஐச் சேர்ந்த அந்த வாயில் மண்டபத்தின் ஒரு கோபுரம், அடியில் ஓடிய நீரோட்டத்தால் 1995இல் சரிந்தது. இப்போது இருப்பது திரும்பக் கட்டியது. லியாபி ஹவுஸிலிருந்து பத்து நிமிட நடை. குறைந்த கட்டணத்தில் குறுகிய படியேறிக் கூரைக்குப் போகலாம்.

ஆர்க் கோட்டை அவசியமா?

வெளிச்சுவரும் வாயிலும் அவசியம், உள்ளே விருப்பம். 1920 குண்டுவீச்சில் முக்கால்வாசி அழிந்துவிட்டது. பயணிகள் பார்ப்பது எஞ்சிய கால்வாசி. தர்பார் முற்றமும் பள்ளிவாசலும் நன்று. இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள், ஸ்டாடர்ட்டும் கானலியும், 1842இல் இதன் முன் தலை வெட்டப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்த பூச்சிக் குழி கோட்டைக்குப் பின்னால் 'சிந்தான்' சிறையில் இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

இமாம் புகாரியின் அடக்கத்தலம் இங்கேதானே?

இல்லை. நபிமொழித் தொகுப்பால் தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த இமாம் புகாரி 810இல் இங்கே பிறந்தார். 870இல் காலமானது சமர்கந்துக்கு அருகே. அடக்கத்தலம் சமர்கந்திலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ளது. ஸியாரத்துக்காக, அதாவது அடக்கத்தலத்தைத் தரிசிக்க, வருகிறவர்கள் ரயில் சீட்டு போடும் முன்பே இதைக் கணக்கில் கொள்ளுங்கள். புகாராவில் சஷ்மா அயூப் அருகே அவர் நினைவாக ஓர் அருங்காட்சியகம் மட்டும் உண்டு.

புகாராவில் இருப்பது பஹாவுத்தீன் நக்ஷபந்தியின் தர்கா. நக்ஷபந்தி தரீக்கா என்ற சூஃபி நெறி இவர் பெயரால் வழங்குகிறது, 1389இல் மறைந்தவர். ஊருக்குக் கிழக்கே 12 கி.மீ. அளவு, டாக்சியைக் காக்கவைத்துப் போய்வர இரண்டு மணி நேரம். வெள்ளி, ஞாயிறுகளில் உள்ளூர்க் கூட்டம் நெரியும். கடைசி அமீரின் கோடை அரண்மனையான சிதோராயி மோஹி ஹோசா ஊருக்கு வடக்கே 4 கி.மீ. ரஷ்யக் கண்ணாடியும் புகாரா சுதை வேலையும் கலந்த வெள்ளை மண்டபத்துக்காக ஒருமுறை பார்க்கலாம்.

என்ன உடை?

பெரும்பாலான இடங்கள் அருங்காட்சியகங்களாக இருப்பதால் கெடுபிடி இல்லை. தொழுகை நடக்கும் பள்ளிவாசலிலும் தர்காவிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெண்களுக்குத் தலைத்துணி. சுரிதாரும் துப்பட்டாவும் இதற்கு மிகப் பொருத்தம். வெள்ளி மதியம் ஜும்ஆ முடியும் வரை கலான் பள்ளிவாசலுக்குப் போக வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

சமாளிக்கலாம், ஆனால் சலிக்கும். முதலில் ஓர் எச்சரிக்கை: பிளோவ் சோற்றில் கறித்துண்டை எடுத்துவிட்டுச் 'சைவம்' என்று தருவார்கள். அந்தச் சோறு ஆட்டுக் கொழுப்பிலும் கறிச் சாற்றிலும் வெந்தது. 'கோஷ்ட்சிஸ்' என்றால் உஸ்பெக்கில் கறி இல்லாமல்; ரஷ்ய மொழியில் 'பெஸ் மியாசா'. சூப்புக்கும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள், காய்கறி சூப்பு என்றாலும் அடித்தண்ணீர் கறியுடையதாக இருக்கும்.

நம்பிக் கேட்கக்கூடியவை: தந்தூர் அடுப்பில் சுட்ட 'நான்', தக்காளி வெங்காயத்தில் செய்யும் 'அச்சிச்சுக்', 'கதிக்' என்ற தயிர், கத்திரிக்காய் வறுவல், முட்டை. பூசணிக்காய் சம்சா அருமையாக இருக்கும். அதிலும் சில கடைகள் கொழுப்புத் துண்டு வைப்பதால் கேட்டு வாங்குங்கள். வசந்தத்தில் கீரை சம்சா வரும். பழத்துக்குக் குறையில்லை: மே கடைசியில் பாதாமி, ஜூலை முதல் முலாம்பழம், பிறகு திராட்சை, மாதுளை. பிரியாணிக்காரர்கள் போடும் ஆல்பகோடா உலர்பழத்தின் பெயரில் ஒளிந்திருப்பது 'ஆலு புகாரா', அதாவது இந்த ஊர்ப் பழம். சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஒரு பாட்டில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் பெட்டியில் இருந்தால் மூன்றாம் நாள் கைகொடுக்கும்.

கறி சாப்பிடுகிறவர்கள் பிளோவை மதியத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரே அண்டாவில் ஏற்றுவார்கள், ஒன்றரை இரண்டு மணிக்குத் தீர்ந்துவிடும். இரவில் கிடைப்பது சூடுபடுத்தியதாக இருக்கும். 'சோஃபி ஓஷ்' என்ற புகாரா வகையில் அரிசி, கேரட், கறி மூன்றையும் கிளறாமல் அடுக்கடுக்காக வைப்பார்கள், எண்ணெய் குறைவு.

குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்க வேண்டாம். கொதித்த பச்சைத் தேநீர் எங்கும் கிடைக்கும். பியாலா என்ற தேநீர்க் கிண்ணத்தைப் பாதிக்குக் கீழே நிரப்பித் தந்தால் கஞ்சத்தனம் என்று எண்ணாதீர்கள். அடிக்கடி ஊற்றி உபசரிக்கிறோம் என்று பொருள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அவமதிப்பாகக் கருதுவார்கள்.

கடைத்தெருவில் எதை வாங்கலாம், எதில் ஏமாறுவோம்?

குவிமாடம் போட்ட மூன்று சந்தைகளும் பழைய தொழிலின் பெயரால் வழங்குகின்றன: நகை, தொப்பி, நாணய மாற்று. கடைசியின் பெயர் தோகி சராஃபோன். பழைய தமிழில் காசு பார்த்துப் பரிசோதிப்பவரைச் 'சராப்பு' என்றது இதே சொல். அந்தத் தொழிலில் முல்தான், ஷிகார்ப்பூர் பக்கத்து இந்து வணிகர்கள் இங்கே தங்கி வட்டிக்கு விட்டுச் செழித்தார்கள்.

சுசானி என்ற பூத்தையல் துணி வாங்கினால் முதலில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைப் போலவே ஒழுங்காக, நூல் முடிச்சே இல்லாமல் இருந்தால் எந்திரத் தையல். உண்மையான பழைய பாணியில் நாலைந்து குறுகிய துண்டுகளைத் தனித்தனிப் பெண்கள் தைத்துப் பிறகு இணைப்பார்கள். இணைப்பில் பூவின் கோடுகள் சற்று இடறும். அந்த இடறல்தான் அடையாளம். பட்டா என்று சோதிக்க ஒரு நூலைக் கேட்டுப் பற்றவையுங்கள்: மயிர் கருகும் வாடை வந்தால் பட்டு, காகித வாடை வந்தால் பருத்தி அல்லது ரேயான். கடைக்காரர் நூல் தர மறுத்தால் அதுவும் ஒரு விடைதான்.

50 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை அனுமதிச் சான்று இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. 'நூறு வருஷத்துப் பழசு' என்று சொல்லி விற்றால், பொய்யென்றால் பண நட்டம், உண்மையென்றால் விமான நிலையத்தில் பறிமுதல். நாரைக் கத்தரிக்கோலும் கத்தியும் கைப்பையில் போகாது, சரக்குப் பெட்டியில் வையுங்கள்.

மொழி தெரியாமல் முடியுமா?

முடியும். விடுதியிலும் கடைத்தெருவிலும் ஆங்கிலம் ஓரளவு ஓடும். ஊர்க்காரர்கள் பலர் வீட்டில் பேசுவது தாஜிக். அது பாரசீகத்தின் தங்கை. யக், து, சே, சோர், பஞ்ச் என்று எண்ணுவார்கள்; இந்தி எண்கள் தெரிந்தவருக்குப் பாதி புரிந்துவிடும். இந்தியர் என்று தெரிந்தால் ராஜ் கபூர், மிதுன் சக்ரவர்த்தி என்று தொடங்குவார்கள், பேரத்துக்கு அது நல்ல நேரம்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

தரை சமதளம், குளத்தைச் சுற்றிப் பெஞ்சுகளும் நிழலும் உண்டு, பழைய நகருக்குள் சிறிய மின்வண்டிகள் ஓடுகின்றன. தவிர்க்க வேண்டியவை ஆர்க்கின் உருளைக்கல் ஏற்றமும் சோர் மினோர் படிகளும். பொதுக் கழிப்பறைகள் சில குந்தும் வகை, தண்ணீர் வசதி நிச்சயமில்லை.

மருந்து விஷயத்தில் கவனம் வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, மனநல மருந்துகள் மீது இங்கே கடுமையான கட்டுப்பாடு. தேவைக்கு மட்டும், மருத்துவர் சீட்டோடு, அசல் உறையிலேயே எடுத்துப்போய், சுங்கத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். டிரோன் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதியின்றிக் கொண்டுவருவதே குற்றம்.